கொலு பொம்மைக்கும் குடில் பொம்மைக்கும் ஒரே சுங்க எண்ணா?

நியூஜெர்சியில் சிறு கடை ஒன்றைத் தொடங்கவிருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: "நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் சேர்த்து ஊரிலிருந்து ஒரு கண்டெய்னர் அலங்காரப் பொருள்களை வரவழைக்கிறேன். விளாச்சேரி கொலு பொம்மைகள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, அகல், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், சரவிளக்கு எல்லாம் இருக்கின்றன. இன்வாய்ஸில் அத்தனைக்கும் 9505 என்று போட்டிருக்கிறார்கள். பண்டிகைப் பொருளுக்கு வரி இல்லை என்கிறார்கள். இது சரியா?"

பாதிதான் சரி. 9505 என்பது பண்டிகை, களியாட்டம், கேளிக்கைப் பொருள்களுக்கான தலைப்பு. அமெரிக்கத் தீர்வைப் பட்டியலில் அந்தத் தலைப்பின் கீழ் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை வரி பூஜ்யம். ஆனால் உங்கள் கண்டெய்னரில் உள்ளவற்றில் தயக்கமில்லாமல் அங்கே போய் உட்காரக்கூடியது ஒன்றே ஒன்று, குடில் பொம்மை. மற்றவை அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியவை. பொருள்களுக்குச் சுங்க எண் பார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடிலிலிருந்தே தொடங்குவோம். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் ஒரே குடும்பம் ஆடி, ஆவணியில் தசாவதார செட்டுக்கு வண்ணம் பூசும். ஐப்பசி, கார்த்திகையில் மரியாள், சூசை, மாட்டுத் தொழுவம், மூன்று ராஜாக்கள் செய்யும். ஒரே கண்மாய் மண், ஒரே சூளை, ஒரே தூரிகை. ஆனால் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன. குடில் பொம்மைகளுக்கு அமெரிக்கப் பட்டியலில் பெயர் சொல்லியே ஓர் உட்பிரிவு இருக்கிறது: 9505.10.30, கிறிஸ்து பிறப்புக் காட்சிகளும் அவற்றின் உருவங்களும். மண்ணா, மரமா, பிளாஸ்டிக்கா என்று அது கேட்பதில்லை. வரி இல்லை. கொலு பொம்மைக்கு அப்படியொரு பெயர் எங்கும் எழுதப்படவில்லை. சுட்ட மண்ணால் ஆன சிலை என்ற அளவில் அது 6913க்குப் போகும். சாதாரண மண் பொம்மைக்கு அங்கே அடிப்படை வரி 6 சதவீதம். பத்தாயிரம் டாலர் சரக்குக்கு அறுநூறு டாலர்.

இதைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஒரு மதத்தின் பொம்மைக்குச் சலுகை, இன்னொன்றுக்கு இல்லையா என்று தோன்றும். சட்டத்தின் வாசகத்தில் மதப் பாகுபாடு இல்லை. 9505 என்ற தலைப்பு எந்தப் பண்டிகைக்கும் திறந்திருப்பதுதான். பென்சில்வேனியா 2024இல் தீபாவளியை மாநிலத்தின் அதிகாரபூர்வப் பண்டிகையாக்கியது. மறு ஆண்டே கலிபோர்னியாவும் சட்டம் இயற்றியது. அதனால் "தீபாவளி ஒரு பண்டிகைதானா" என்ற கேள்வியில் நீங்கள் தோற்கப் போவதில்லை. தோற்கும் இடம் வேறு: பண்டிகை முடிந்த மறுநாள் அந்தப் பொருள் என்னவாக இருக்கிறது என்ற கேள்வி.

அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

மின்னசோட்டாவைச் சேர்ந்த மிட்வெஸ்ட் ஆஃப் கேனன் ஃபால்ஸ் என்ற இறக்குமதி நிறுவனம் 1990களில் அமெரிக்கச் சுங்கத் துறையோடு ஒரு வழக்கு நடத்தியது. சாண்டா உருவங்கள், மரத்தில் தொங்கவிடும் அலங்காரங்கள் இவற்றோடு, ஹாலோவீன் பூசணி முகம் செதுக்கிய ஒரு மண் குவளையும் ஒரு மண் கூஜாவும் அதில் இருந்தன. சுங்கத் துறை, "பண்டிகைப் பொருள் என்றால் நீடித்து உழைக்காததாக, பயன்பாடு அற்றதாக இருக்க வேண்டும், குவளையில் காபி குடிக்கலாம், எனவே அது பீங்கான் பாத்திரம்" என்றது. 1997இல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பயன்பாடு இருப்பதால் மட்டும் ஒரு பொருள் பண்டிகைத் தலைப்பை இழந்துவிடாது, கிறிஸ்துமஸ் காலுறைக்கும்தான் பயன்பாடு இருக்கிறது என்றது. பூசணிக் குவளை பண்டிகைப் பொருளானது.

அடுத்து 2003இல் பார்க் பி. ஸ்மித் வழக்கு. மேசை விரிப்பு, துடைக்கும் துணி, தரை விரிப்பு. கிறிஸ்துமஸ் மரம், பூசணி முகம் போல ஒரு குறிப்பிட்ட பண்டிகையின் சின்னம் தெளிவாக இருந்தவை 9505க்குள் வந்தன. வெறும் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்டவை வரவில்லை. இந்த வழக்கில்தான் இன்றும் நாங்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் உறுதியானது. பொருள் ஒரு பண்டிகையோடு நெருங்கிப் பிணைந்திருக்க வேண்டும். முதன்மையாக அந்தப் பண்டிகையின்போதுதான் பயன்பட வேண்டும் அல்லது காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். வேறு நாளில் அதை வெளியே எடுத்து வைத்தால், பார்ப்பவர் "இது ஏன் இப்போது?" என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை உங்கள் கொலு பொம்மையிடம் கேட்டுப் பாருங்கள். புல்லாங்குழல் கிருஷ்ணர் சித்திரை மாதத்தில் வரவேற்பறை அலமாரியில் நின்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பிள்ளையார் வருடம் முழுவதும் வாசலில் இருப்பார். எனவே சாமி பொம்மைகளுக்கு 9505 கோருவது பலவீனமான வாதம். மேலும், வழிபாட்டு இடங்களை அலங்கரிக்கும் வகைச் சிலைகளை உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு இந்தத் தலைப்பிலிருந்து வெளியே நிறுத்துகிறது. செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், கிராமத்துச் சந்தை போன்ற செட்டுகளின் கதை வேறு. அவை கொலுப் படியைத் தவிர வேறெங்கும் இடம்பெறாதவை. அந்த வாதத்தில் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் கொலுவையே பார்த்திராத ஒரு சுங்க அதிகாரிக்கு அது வெறும் மளிகைக் கடை பொம்மை. புகைப்படத்தோடும் விளக்கத்தோடும் முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் இன்வாய்ஸில் மட்டும் 9505 என்று போட்டு அனுப்பாதீர்கள்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பொம்மையின் வரியைத் தீர்மானிப்பது அது எதனால் ஆனது என்பதுதான் என்றால், பொருளை மாற்றினால் வரியும் மாறும். காகிதக் கூழ் பொம்மைக்கு, காகிதப் பொருள்களின் 48ஆம் அத்தியாயத்தில் அடிப்படை வரியே இல்லை. புதுச்சேரித் திருக்கனூரின் காகிதக் கூழ் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரம், பண்ருட்டிப் பக்கமும் அந்த வேலை நடக்கிறது. எடை குறைவு, கப்பலில் உடைவதும் குறைவு. பித்தளைச் சிலைகளுக்கு 8306இல், தங்க, வெள்ளி முலாம் இல்லாதவரை, அடிப்படை வரி பூஜ்யம். பிளாஸ்டிக் சிலைக்கு 5.3 சதவீதம். மரச் சிலைக்கு 3.2. மரப்பாச்சி கேட்டால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பழைய முறையில் அது செம்மரத்தில் செதுக்கப்படுவது. செம்மரம் அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கும் மரம். என்ன மரம் என்று எழுத்தில் உறுதி வாங்காமல் ஒரு ஜோடிகூட ஏற்றாதீர்கள்.

மண் பொம்மையிலும் ஒன்று கேட்டு வையுங்கள்: சூளையில் சுட்டதா, அச்சில் ஊற்றிக் காய வைத்ததா? சுட்டால்தான் அது 69ஆம் அத்தியாயம். பாரிஸ் சாந்து பொம்மை 68ஆம் அத்தியாயம். மேலே பூசிய வண்ணத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒருமுறை என் மேசைக்கு வந்த மாதிரியில், அடிப்பாகத்தை நகத்தால் லேசாகக் கீறினேன்; வெள்ளைப் பொடி உதிர்ந்தது. இன்வாய்ஸ் அதைச் சுடுமண் என்றது. செய்தவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "மழைக்காலத்தில் சூளை போட முடியாதே ஐயா" என்றார். பொய் சொல்லவில்லை அவர். இடையில் இருந்தவர் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்.

நீதிமன்றத்தின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அது 2003இல் முடியவில்லை. மைக்கேல் சைமன் டிசைன் என்ற நிறுவனம் கிறிஸ்துமஸ், ஹாலோவீன் சின்னங்கள் பின்னிய ஸ்வெட்டர்களையும் பண்டிகைப் பொருளே என்று வாதாடி, கீழ் நீதிமன்றத்திலும் 2007இல் மேல் நீதிமன்றத்திலும் வென்றது. பணக் கணக்கில் இது சின்ன விஷயமில்லை. பருத்தி ஸ்வெட்டருக்கு 16.5 சதவீதம், செயற்கை இழைக்கு 32 சதவீதம் என்று இருந்த வரி பூஜ்யமாகிவிடும். ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது. 2007 பிப்ரவரி 3 முதல் 95ஆம் அத்தியாயத்தில் ஒரு குறிப்புச் சேர்ந்தது: மேசைப் பாத்திரம், சமையல் பாத்திரம், விரிப்பு, உடை, படுக்கைத் துணி, மேசைத் துணி போன்ற பயன்பாட்டுப் பொருள்கள் இந்த அத்தியாயத்தில் சேரா, அவை எதனால் ஆனவையோ அந்த அத்தியாயத்துக்குப் போகும். இணையத்தில் தேடி 1997 தீர்ப்பை எடுத்துக்கொண்டு "பயன்பாடு இருந்தாலும் பரவாயில்லையாமே" என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. அவர்கள் படித்தது உண்மைதான், ஆனால் பத்து வருடத்துக்குப் பிறகு நடந்ததைப் படிக்கவில்லை. மாக்கோலம் அச்சிட்ட மேசை விரிப்பு, "ஹேப்பி தீவாளி" என்று எழுதிய தட்டு இவற்றையெல்லாம் 9505இல் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

உடைக்குத் தனிச் சிக்கல். ரூபிஸ் காஸ்ட்யூம் என்ற நிறுவனத்தின் பெயரில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு பாடப் புத்தகம் போல இருக்கும். 2003இல், ஒரு இரவு ஹாலோவீனுக்குப் போட்டுக் கழற்றி எறியும் மெலிந்த உடைகளை நீதிமன்றம் பண்டிகைப் பொருள் என்றது. 2019இல் வந்தது ஒரு சாண்டா உடை, நல்ல பட்டுப்போன்ற உள்துணி, ஜிப், உறுதியான தையல். நீதிமன்றம் அதைக் கிட்டத்தட்டத் தையல்காரரின் கண்ணோடு பார்த்தது. இவ்வளவு நன்றாகத் தைத்தது உடைதான், போய் உடை அத்தியாயத்தில் நில் என்றது. சட்டைக்கு 32 சதவீதம், காற்சட்டைக்கு 28.2. ஒரே பெட்டிக்குள் இருந்த தாடியும் தொப்பியும் வரியில்லாமல் 9505இல் வந்தன. குழந்தைகளுக்குக் கிருஷ்ணர் வேஷம், ஆண்டாள் வேஷம் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மயிலிறகுக் கிரீடம் ஒன்று, பட்டுப் பாவாடை வேறொன்று.

இனி விளக்கு. உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் ஆர்வம் தருவது இதுதான்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, அகல் இரண்டும் மின்சாரம் இல்லாத விளக்குகள், 9405.50. பித்தளை என்றால் அடிப்படை வரி 5.7 சதவீதம், மண் அகலுக்கு 6. தீபாவளிக்கு விற்கிறோம் என்பதால் அகல் 9505 ஆகாது. அது முதலில் விளக்கு. இவ்வளவோடு பெரும்பாலான சுங்கத் தரகர்கள் நிறுத்திவிடுவார்கள். ஆனால் பட்டியலின் கடைசிப் பக்கங்களில், 98ஆம் அத்தியாயத்தில், 9817.95.01 என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. மதம் அல்லது பண்பாடு சார்ந்த பண்டிகைகளின் குறிப்பிட்ட சடங்கை வீட்டில் நிகழ்த்தப் பயன்படும் பொருள்களுக்கு அது அடிப்படை வரி விலக்குத் தருகிறது. யூதர்களின் சேடர் தட்டு, ஆசிக் கிண்ணம், மெனோரா விளக்கு, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்சா பண்டிகைக்கான கினாரா மெழுகுவர்த்தித் தாங்கி இவற்றை உதாரணமாகச் சொல்கிறது. எந்தெந்தத் தலைப்புகளில் வரும் பொருள்கள் இந்தச் சலுகையைக் கோரலாம் என்ற பட்டியலில் 9405.50ஐயும் சேர்த்திருக்கிறார்கள்.

மெனோரா அங்கே நிற்கலாம் என்றால், கார்த்திகைக்கு ஏற்றும் நம் குத்துவிளக்கும் நிற்கலாம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கோர முடியாது. 2018இல் டபிள்யூ.டபிள்யூ.ஆர்.டி. என்ற நிறுவனம் நன்றி கூறும் நாள், கிறிஸ்துமஸ் விருந்துத் தட்டுகளுக்கும் திருமணக் கிண்ணங்களுக்கும் இதே உட்பிரிவைக் கோரித் தோற்றது. விருந்து உண்பது பழக்கம், அது "குறிப்பிட்ட சடங்கு" ஆகாது என்றது நீதிமன்றம். எனவே நீங்கள் காட்ட வேண்டியது "தீபாவளிக்கு அழகாக இருக்கும்" என்பதை இல்லை. எந்த நாளில், எந்த வேளையில், எந்த முறையில், வீட்டில் யார் ஏற்றுகிறார்கள், ஐந்து முகம் ஏன், ஏற்றாவிட்டால் அந்தச் சடங்கு நிறைவேறுமா என்பதை. இதை எழுத உங்கள் பாட்டியைவிடத் தகுதியான ஆள் சட்ட அலுவலகங்களில் கிடைக்க மாட்டார். ஹோட்டல் வரவேற்பறைக்கு விற்கும் ஐந்தடி அலங்கார விளக்கை இதில் சேர்க்காதீர்கள். "வீட்டில்" என்ற சொல் அந்த உட்பிரிவின் வாசகத்திலேயே இருக்கிறது.

(அந்தப் பூசணிக் குவளை என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: 2007 குறிப்பால் பாத்திரத் தலைப்புக்குத் திரும்பியது. ஆனால் அடுத்த உட்பிரிவு, 9817.95.05, அமெரிக்காவில் கொண்டாடப்படும் ஒரு குறிப்பிட்ட பண்டிகையின் சின்னத்தை முப்பரிமாண வடிவில் கொண்ட பயன்பாட்டுப் பொருள்களுக்கு விலக்குத் தருவதால், பூசணி வடிவிலேயே இருக்கும் குவளை அதைக் கோரலாம். பூசணிப் படம் அச்சிட்ட சாதாரணக் குவளை கோர முடியாது.)

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரவிளக்கு எல்.இ.டி. என்றால் 9405.31, 8 சதவீதம். "கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பயன்படும் வகை" என்பது அந்தத் தலைப்பின் வாசகம், நீங்கள் அதைத் தீபாவளிக்கு மொட்டைமாடியில் கட்டினாலும் வகை அதுதான். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் சாமந்தி மாலையும் செயற்கை இலை, பூ, 6702. கம்பியாலோ பசையாலோ கட்டியது 8.4 சதவீதம், மற்றவை 3.4. துணித் தோரணம் துணி அத்தியாயங்களுக்குப் போகும். மின்சாரம் இல்லாத காகித விளக்குக் கூண்டுக்கு மட்டும் வழி நன்றாக இருக்கிறது: விளக்குகளுக்கான 94ஆம் அத்தியாயத்தின் குறிப்பே, சீனக் காகிதக் கூண்டு போன்ற அலங்காரங்களை 9505க்கு அனுப்பிவிட்டு, சரவிளக்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மெழுகுவர்த்திக்கு அடிப்படை வரி இல்லை. ஆனால் விலை குறைவு என்று சீனாவிலிருந்து பாரஃபின் மெழுகு அகல்களை வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள். அவற்றின்மீது 1986 முதல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிக மலிவாகக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் கூடுதல் வரி) இருக்கிறது, சரக்கின் மதிப்பைவிட வரி அதிகமாகும் அளவுக்கு. சிவகாசிப் பட்டாசு பற்றிக் கேட்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. அது உரிமம், வெடிபொருள் அனுமதி என்று முற்றிலும் வேறு உலகம்.

நான் இதுவரை சொன்ன சதவீதங்கள் எல்லாம் அடிப்படை வரி. எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தும், எஃகு, அலுமினியம், தாமிரம் போன்ற உலோகங்களைப் பொறுத்தும் கூடுதல் வரிகள் 99ஆம் அத்தியாயத்தில் தனியாக ஏறுகின்றன. 2025இலிருந்து அவை அதிபரின் ஆணைகளால் திரும்பத் திரும்ப மாறி வருகின்றன. கப்பல் கிளம்பும் வாரத்தில் தரகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், போன வருடம் நண்பர் கட்டிய தொகையை நம்பாதீர்கள். 800 டாலருக்குக் குறைந்த பார்சலாகப் பிரித்து அனுப்பும் பழைய வழியும் 2025 ஆகஸ்ட் 29 முதல் மூடப்பட்டிருக்கிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. சந்தேகமுள்ள பொருள்களுக்கு, அதாவது குத்துவிளக்கு, கொலுவின் கடைத்தெரு செட் இரண்டுக்கும், சுங்கத் துறையிடம் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு, அதாவது இந்தப் பொருளுக்கு இந்த எண் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதித் தரும் முடிவு, கேட்டு விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது, இணையத்திலேயே அனுப்பலாம், சாதாரணமாக 30 நாளில் பதில் வரும். வந்த பதில் எல்லாத் துறைமுகங்களிலும் செல்லும். மற்றவர்களுக்குக் கொடுத்த பழைய தீர்ப்புகளும் அவர்களுடைய பொதுத் தேடுதளத்தில் கிடைக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள், உங்கள் பொருளைப் போலவே யாராவது கேட்டிருப்பார்கள். சரக்கு கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே ஒவ்வொரு பொருளின் ஆறு இலக்கச் சுங்க எண்ணைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், துறைமுகத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் 9505 போட்டு அனுப்பினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமல் வெளியே வந்துவிடவும் கூடும். அதுதான் ஆபத்து. ஐந்து வருட ஆவணங்களை அவர்கள் திரும்பக் கேட்கலாம். கவனக்குறைவு என்று முடிவானால், கட்டாமல் விட்ட வரியைப் போல் இரண்டு மடங்குவரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஏற்கெனவே இப்படி ஒரு சரக்கு வந்திருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்; விடுபட்ட வரியோடும் வட்டியோடும் முடிந்துவிடும். மாறாக, உங்கள் எண் சரி என்று நீங்கள் நம்பி, சுங்கத் துறை அதை மாற்றியிருந்தால், அந்தச் சரக்கின் வரிக் கணக்கை அவர்கள் முடித்த நாளிலிருந்து 180 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பூசணிக் குவளையும் ஆட்சேபத்தின் வழியாகத்தான் நீதிமன்றத்தை எட்டியது.

விளாச்சேரிக்கு இன்றே தொலைபேசியில் பேசி, இன்வாய்ஸை மாற்றி எழுதச் சொல்லுங்கள். "பண்டிகை அலங்காரப் பொருள்கள், 400 பெட்டி" என்ற ஒரே வரிக்குப் பதிலாக இப்படி: "சூளையில் சுட்ட மண் பொம்மை, தசாவதாரம், பத்து உருவம், எட்டு அங்குலம், 60 செட்." அடுத்த வரியில், "சுட்ட மண் கிறிஸ்துமஸ் குடில், பன்னிரண்டு உருவம், 80 செட்." அடுத்த வரியில், "பித்தளை எண்ணெய் விளக்கு, ஐந்து முகம், பன்னிரண்டு அங்குலம், முலாம் இல்லை, 50 ஜோடி." ஒவ்வொரு பொருளின் அடியிலும் இந்தியாவில் செய்தது என்று ஆங்கிலத்தில், அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் தனியாக 10 சதவீதம் விழும். எண்ணை அவர்கள் எழுத வேண்டாம். என்ன செய்தோம், எதனால் செய்தோம் என்பதை அவர்கள் எழுதட்டும். எண் போடுவது உங்கள் பொறுப்பு, உங்கள் தரகரின் பொறுப்பு.